ஜெயஷீலா கேட்ட ஒரு பைப்

தூத்துக்குடியில் எட்டயபுரம் சாலைப் பக்கம் வீடு கட்டியபோது ஜெயஷீலா கேட்டது ஒன்றே ஒன்றுதான். மார்பிள் கேட்கவில்லை, மாடுலர் கிச்சன் கேட்கவில்லை. கீழ் ஹாலில் இருந்து மாடி அறைக்குச் சுவருக்குள் ஒரு காலி பைப். பின்னாளில் நெட் வயர் இழுக்க வேண்டியிருக்கும் என்றாள். கணவர் நேசக்குமார் தலையை ஆட்டினார். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர், சர்ச் சபைக் கமிட்டியில் வேறு இருக்கிறார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது.

ஜெயஷீலா நாசரேத்துக்காரி. பி.காம். முடித்த கையோடு துறைமுகத்து கிளியரிங் ஏஜென்சி ஒன்றில் சேர்ந்தவள், பதினேழு வருஷம் ஓடிவிட்டது. ஏற்றுமதிச் சரக்குக்கான பில்லைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. குறித்த நேரத்துக்குள் பில் ஏறாவிட்டால் கண்டெய்னர் கப்பல் ஏறாது. ஆபீஸில் இருந்தவரை அவள் கையால் அப்படி ஒருநாளும் ஆனதில்லை.

போன மாதம் ஆபீஸ் அறையைக் காலி செய்துவிட்டு, எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றார்கள். ஹாலில் உட்கார வழியில்லை, அங்கே நேசக்குமாரின் டியூஷன் பிள்ளைகள் முப்பது பேர். மாடி அறையில் மேசை போட்டாள். கீழே இருக்கும் மோடத்தின் வைஃபை, கான்கிரீட்டைத் தாண்டி வருவதற்குள் திணறியது. ஒரே மாதத்தில் இரண்டு முறை பாதியில் அறுந்தது. இரண்டாவது முறை உப்பு ஏற்றிய இரண்டு கண்டெய்னர்கள் கரையிலேயே நின்றுவிட்டன.

மேனேஜர் கத்தவில்லை. "திங்கக்கிழமைக்குள்ள வயர் கனெக்ஷன் வேணும்மா. இல்லன்னா உங்க கஸ்டமர் பார்ட்டிகளை வேற ஆளுக்குக் கொடுக்க வேண்டியதுதான்" என்றார். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. மாடிக்குத் தனி இணைப்பு கேட்டால் பத்து நாள் ஆகுமாம்.

பைப் இருக்கிறதே என்ற தைரியத்தில் சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் சுடலைக்கண்ணுவை வரச் சொன்னாள்.

"ரெண்டு பக்கமும் பாக்ஸ் இருக்கு தம்பி. சும்மா கோத்து இழுக்க வேண்டியதுதான்."

அவன் கீழே மூடியைக் கழற்றி, வயர் கோக்கும் ஸ்பிரிங்கை உள்ளே விட்டான். முக்கால் அடி போய் முட்டியது. மாடிக்கு வந்து அங்கிருந்தும் விட்டான். அதே முக்கால் அடி. டார்ச் அடித்துப் பார்த்தான், சுவரைத் தட்டிப் பார்த்தான், உளி வைத்துக் கொஞ்சம் பூச்சைப் பெயர்த்தான். பிறகு எழுந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"கோவப்படாதீய அக்கா. பைப்பே கெடையாது. மேல ஒரு துண்டு, கீழ ஒரு துண்டு. நடுவுல ஒண்ணுமில்ல. பாக்ஸ மட்டும் வச்சு மூடியிருக்காவ."

இரண்டு வருஷமாக அந்த மூடியை அவள் துணி வைத்துத் துடைத்திருக்கிறாள். வந்தவர்களிடமெல்லாம் "இது நெட்டுக்கு" என்று பெருமையாகக் காட்டியிருக்கிறாள். இப்போது உச்சந்தலை வரை எரிந்தது. கீழே பார்த்து, "இங்க வாங்க!" என்றாள். அந்தக் குரலுக்கு டியூஷன் பிள்ளைகள் முப்பது பேரும் கப்சிப் ஆனார்கள்.

நேசக்குமார் படியேறி வந்து, பெயர்ந்த பூச்சைப் பார்த்தார்.

"கான்கிரீட் போட்ட அன்னைக்கு பைப் பத்தல ஷீலா. சபை பாஸ்டர் ஐயா வந்து ஜெபம் பண்ணி முடிச்சிட்டாரு, மிஷின் ஓட ஆரம்பிச்சிட்டு. அதுக்கப்புறம் யாரு நிறுத்துவா? நீ சத்தம் போடுவியேன்னுதான், பூசும்போது பாக்ஸ மட்டும் வைக்கச் சொன்னேன்."

அன்றைக்கு அவள் கீழே நின்று அறுபது பேருக்கு பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தாள். மேலே ஏறி வந்து பார்க்க நேரமில்லை. பார்க்கத் தேவையில்லை என்றும் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையை நினைத்தபோதுதான் கோபம் இன்னும் ஏறியது.

சுடலைக்கண்ணு மெல்ல வாயைத் திறந்தான். "கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு ஒரு பைப் போவுதுக்கா. ஹால்ல இருந்து இந்த ரூம் வழியாத்தான் மொட்ட மாடிக்கு ஏறுது. ஆனா உள்ள கரண்டு வயரு கெடக்கு. அது கூட நெட் வயர விடக் கூடாது."

ஜெயஷீலா கணவர் பக்கம் திரும்பினாள்.

"வருசத்துல இருவது நாளு எரியுத ஸ்டாருக்குப் பைப் பத்திச்சு. என் வேலைக்குத்தான் பத்தல, என்ன?"

பதிலுக்குக் காத்திராமல் சுடலைக்கண்ணுவைப் பார்த்தாள்.

"அந்த வயர உருவிப் போடுங்க தம்பி."

"உருவும்போதே வால்ல நெட் வயரைக் கட்டி இழுத்திருவோம்க்கா. அரை மணி நேரந்தான்."

"டிசம்பர்ல ஸ்டார் எப்படிப் போட?" நேசக்குமாருக்கு இப்போதுதான் குரல் வந்தது. "கமிட்டிக்காரன் வீட்டுலயே ஸ்டார் இல்லன்னா சபையில என்ன பேசுவாவ?"

"பேசட்டும். கேட்டா, பைப் பத்தலன்னு சொல்லுங்க."

அரை மணி என்றவன் ஒன்றரை மணி நேரம் எடுத்தான். வளைவில் ஒரு இடத்தில் சிக்கி, சோப்புத் தண்ணீர் விட்டு இழுக்க வேண்டியதாயிற்று. வயரின் இரு முனையிலும் கிளிப் அடித்து, ஒன்றை மோடத்திலும் மற்றொன்றைக் கணினியிலும் செருகினான். ஜெயஷீலா ஆபீஸ் பக்கத்தைத் திறந்து, நிலுவையில் கிடந்த பில்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஒன்றுகூட நிற்கவில்லை. மேனேஜருக்கு, வயர் வந்துவிட்டது என்று செய்தி அனுப்பினாள். பதிலுக்கு அவர் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார்.

சுடலைக்கண்ணு போன பிறகு நேசக்குமார் காபி போட்டு எடுத்துக்கொண்டு மேலே வந்தார். அந்த வீட்டில் அவர் காபி போட்டது அதுதான் முதல் தடவை.

"அதான் சரியாச்சுல்லா ஷீலா. இனி விட்டுரு."

அவள் டம்ளரைத் தொடவில்லை.

"இந்த வீட்டுல வேற எதுலயெல்லாம் என்னை இப்படி ஏமாத்தி வச்சிருக்கீய?"

ஒன்றுமில்லை என்று அவர் சட்டென்று சொல்லியிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். அவர் யோசித்தார்.