முள் நகராத வாட்ச்

"கையை நீட்டுங்கப்பா" என்றாள் மகள். துபாயிலிருந்து அவள் வாங்கிவந்து என் கையில் கட்டிய வாட்சைக் கம்ப்யூட்டர் திரைக்கு நேரே காட்டினால், நேரமும் போன் நம்பர்களும் அதற்குள் ஏறிவிடுமாம். மூன்றாம் வகுப்போடு நின்று, இரண்டு அரிசி ஆலை கட்டியவன் நான். ஆனாலும் 'கையை நீட்டு' என்ற சொல்லைக் கேட்டதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

என் சிறுவயதில், நாங்கள் கூலிவேலை செய்த பண்ணையின் காரியக்காரரும் ஒருநாள் அப்பாவிடம் அதைத்தான் சொன்னார். "கைய நீட்டுடா. மணி பத்து, இப்பத்தான் நாத்துப் பறிக்க வர்றியா?" வரப்பில் இன்னும் வெயிலே விழவில்லை. அவர் மணிக்கட்டைப் பார்த்து, "முள்ளு நகரலீங்க" என்றேன். சாவி கொடுக்க மறந்திருக்கிறார் மனுஷன்!

"வாட்சு பொய் சொல்லுமாடா?"

அப்பாவின் உள்ளங்கையில் பிரம்பு விழுந்தது. நான் பேசியதற்காக அவருக்கே இன்னொன்று. ஐம்பது வருஷம் கழித்து, மகள் சொன்னபடி திரைக்கு நேரே கையை நீட்டினேன்.

திரையில் கோடுகள் மின்னின, வாட்ச் கீச்சிட்டது.

"நேரம் ஏறிடுச்சு. சரியா இருக்காப்பா?"

"இரும்மா. வெயிலப் பாத்துட்டு வந்து சொல்றேன்."