கங்காதரன் மாமாவின் காது

அஸ்தினாபுரத்தில் கழனி வைத்திருந்தவர்கள் அதை மனை போட்டு விற்றுவிட்டு லாரி வாங்கினார்கள், கல்யாண மண்டபம் கட்டினார்கள். என் அக்கா புருஷன் கங்காதரன் மட்டும் கடிகாரம் வாங்கினார். சாவி கொடுத்தால் ஓடும் பழைய சுவர்க்கடிகாரங்கள். வெள்ளிக்கிழமை ஆனால் பல்லாவரம் சந்தைக்குப் போய்விடுவார். தாம்பரத்தில் யாராவது பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பார். கூடத்துச் சுவரெல்லாம் நிறைந்துவிட்டது. பன்னிரண்டு மணி அடித்தால் அந்த வீட்டில் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். இது பைத்தியக்காரத்தனம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்.

ஆனால் பெண்டுலக் கடிகாரத்தை மாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. டிக்குக்கும் டாக்குக்கும் நடுவே இடைவெளி சமமாக இருக்க வேண்டும். நொண்டினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். மரப்பெட்டிகள் எல்லாம் வயதாகிக் கோணியவை, மட்டம் பார்க்கிற ரசமட்டம் வைத்துப் பிரயோஜனம் இல்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டு பெட்டியை ஒரு நூல் இப்படி, ஒரு நூல் அப்படி நகர்த்திக் காதாலேயே சரிசெய்வார். அப்புறம் அது நிற்காது.

2003-இல் அந்தக் காதுதான் போயிற்று. நரம்பு செத்துவிட்டது என்று குரோம்பேட்டை டாக்டர் கையை விரித்தார். காது மெஷினை மாட்டினால் எல்லாமே ஒரே இரைச்சல். கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார். ஏற்கெனவே மாட்டியிருந்த கடிகாரங்கள் அதுபாட்டுக்கு ஓடின. பெண்டுலம் ஆடுவதைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டார்.

பொங்கல் வந்தது. வெள்ளையடிக்க எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். திரும்ப மாட்டும்போது ரேணுகா அக்காவைப் பக்கத்தில் நிறுத்தி, சரியாகக் கேட்கிறதா என்று கேட்டார். அவள் உன்னிப்பாகக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். மறுநாள் பார்த்தால் பாதிக்கு மேல் நின்றிருந்தன. மாமா கடிகாரங்களைச் சந்தேகப்பட்டார். பிரித்தார், துடைத்தார், எண்ணெய் விட்டார், மாட்டினார். அக்கா தலையாட்டினாள். மறுபடியும் நின்றன. தை மாதம் முழுக்க இதே பேஜார். மனிதர் பாதியாக இளைத்துப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். ஸ்டூல் மேல் நின்றபடி அவளிடம் உரக்கக் கேட்டார். "ரேணுகா, நெசமா சொல்லு. டிக்கும் டாக்கும் சமமா கீதா, இல்லியா?"

அக்கா அழுதுவிட்டாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று நிதானமாகச் சொன்னாள். "தெரியலைங்க. எனக்கு எப்பவுமே எல்லாம் ஒரே சத்தந்தான்."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இறங்கி ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பி, எனக்காவது வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

"இத்தினி வருசமா இந்த வூட்ல நான் ஒருத்தன்தான் கேட்டுகினு இருந்தனா?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் பிரிக்கவில்லை, மாட்டவில்லை. ஓடிக்கொண்டிருந்த மிச்சமும் சாவி தீர்ந்து ஒவ்வொன்றாக நின்றன. கடைசியாக ஓடிய கடிகாரத்துக்கு அக்காவே சாவியை எடுத்துக்கொண்டு போனாள். மாமா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார்.

"வேணாம், ரேணுகா. யாருக்காவ ஓடணும்?"