ஹனோயில் நான் தூக்கிய கை

எங்கள் ஊர் சாயல்குடிப் பக்கம். ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் கையைத் தூக்கிக்கொண்டே இறங்குவோம், லாரிகூட நிற்கும். மகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில், ஆளுக்கொரு முதுகுப்பையோடு நானும் மனைவி முத்துலட்சுமியும் வியட்நாமின் ஹனோய் நகருக்குப் போனபோதும் அதே தைரியத்தில்தான் போனேன்.

முதல் இரண்டு நாளும் எதிர்ப்பக்கம் போகவே முடியவில்லை. சாலை முழுக்க மோட்டார் சைக்கிள் வெள்ளம். மூன்றாம் நாள், "என் பின்னாடியே வா" என்று வீரமாகக் கையைத் தூக்கி இறங்கினேன்.

ஒரு மோட்டார் சைக்கிள் சட்டென்று நின்றது. மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைப்பதற்குள், அவர் என் தலையில் ஹெல்மெட்டை மாட்டி, பின்சீட்டைத் தட்டிக் காட்டினார். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். பயத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வண்டி பறந்தபோதுதான் புரிந்தது, அது வாடகை வண்டி. கை காட்டிக் கூப்பிட்டதே நான்தான்.

பாஸ்போர்ட், போன், ஹோட்டல் விலாசம் எல்லாம் மனைவியின் பையில். என் பையில் முறுக்கு.

"ஏலே, நிறுத்துப்பா! அய்யோ, முத்துலட்சுமி!" என்று ஒப்பாரியே வைத்தேன். அவருக்கு என்ன புரிந்ததோ, அடுத்த முக்கில் திருப்பி, ஏறிய இடத்துக்கு எதிரிலேயே கொண்டுவந்து இறக்கினார். அங்கே முத்துலட்சுமி நின்றிருந்தாள். ஒரு பூக்காரம்மாவை ஒட்டி மெதுவாக நடந்தே கடந்துவிட்டாளாம்.

"எங்கிட்டுப் போயிட்டு வாரீக?"

"சும்மா, ஊரைச் சுத்திப் பாத்தேன்."

"அழுதுகிட்டேவா?"

இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் ஹோட்டல் விலாசத்தை முதலில் என் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். சாயல்குடியில் பஸ்ஸை நிறுத்தக் கை தூக்குவதுகூட அவள்தான். என் கை இரண்டும் அவள் பையைப் பிடித்திருக்கும்.