பதினெட்டாவது முறை

ஆறு மணி வகுப்புக்காரர் இறங்கிப் போயாயிற்று. ஏழு மணிக்காரி இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் டிரைவிங் மாஸ்டர் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே போனைச் சாய்த்து வைத்து, விட்ட இடத்திலிருந்து படத்தைத் தொடர்கிறார். பள்ளிக்கூட பேண்டில் பெரிய டிரம் அடிக்கும் பதினாறு வயதுப் பெண் கர்ப்பமாகிவிடுகிற படம். மாதம் ஏற ஏற வயிறு முன்னால் வருகிறது, டிரம் தள்ளிப் போகிறது, குச்சி எட்டவில்லை. அவளா விடுவாள்? நீளக் குச்சி கேட்டு ஹெட்மாஸ்டருக்கு மனு எழுதுகிறாள். மாஸ்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். இது பதினெட்டாவது முறை.

டிரைவிங் ஸ்கூலில் இருபத்தாறு வருட சர்வீஸ். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதலில் அவர் வாய்க்குப் பயம், கார் அப்புறம்தான். "கண்ணாடியப் பாருங்கன்னா உங்க மூஞ்சியப் பாக்கச் சொல்லலை, பின்னால வர்றவனப் பாருங்க" என்பார். குறுக்கே ஓடும் நாய்க்கும் நின்று வழிவிட்டு, "அதுக்கு என்ன அவசரமோ" என்பார். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஏறினால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். கேட்டால், "பாத்தா பேசிடுவேன்."

இப்படிப்பட்ட மனிதர் நாலு மாதம் வாயே திறக்காமல் இருந்திருக்கிறார். ஒன்பது வருடத்துக்கு முன்பு, பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த மகள் ஒரு காலையில் சமையலறை வாசலில் நின்று, "அப்பா, நான் கர்ப்பமா இருக்கேன்" என்றாள். "கிளாசுக்கு நேரமாச்சு" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றைக்கு கிளாசே கிடையாது. சாயங்காலம் வரை ஊரைச் சுற்றினார். திரும்பி வந்து என்ன பேசுவதென்று தெரியவில்லை. மறுநாள் இன்னும் தெரியவில்லை. அப்படியே நாலு மாதம். அதற்குப்பின் மகளின் சித்தி வந்து அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். அங்கேயே பிரசவம், படிப்பு, லேபில் வேலை. எட்டு வயதுப் பேத்தியை மாஸ்டருக்குக் குரலாகத்தான் தெரியும்.

ஞாயிறுதோறும் மகள் போன் செய்வாள். அம்மா ஸ்பீக்கரில் போட்டு, சமையல் மேடையில் வைத்துவிட்டுப் பேசுவாள். மாஸ்டருக்கு அந்த நேரம் பார்த்துத்தான் சமையலறையில் வேலை வரும். இத்தனை வருடத்தில் அவர் நறுக்கிய வெங்காயம் ஒரு கல்யாணத்துக்குக் காணும். "அப்பா மாத்திரை ஒழுங்கா போட்டுக்கிறாரா?" என்று மகள் அம்மாவிடம் கேட்பாள். "போட்டுக்கிறார்" என்று அம்மா சொல்வாள். அவர் பக்கத்திலேயே கத்தியும் கையுமாக நிற்பார்.

அப்படி ஒரு ஞாயிறில்தான், "எனக்கு ரொம்பப் பிடிச்ச படம்மா, நீ பாக்கணும்" என்று மகள் இந்தப் படத்தைச் சொன்னாள். அம்மா பத்தாம் நிமிடம் குறட்டை விட்டுவிட்டாள். மாஸ்டர் கடைசி வரை பார்த்தார்.

படத்தில் வரும் அப்பா பஸ் டிரைவர். ஓடும் பஸ்ஸில் மகள் அவர் காதருகே குனிந்து விஷயத்தைச் சொல்கிறாள். அதற்குப்பின் எந்த நிறுத்தத்திலும் பஸ் நிற்பதில்லை. பயணிகள் கத்துகிறார்கள், ஒரு பெரியவர் குடையால் கூரையைத் தட்டுகிறார். டிரைவரோ மகளிடம், "வாந்தி வந்தா சொல்லு, ஓரங்கட்டுறேன்" என்கிறார். படம் பார்க்கும் எல்லோரும் சிரிக்கும் இடம். மாஸ்டருக்கு அங்கே மட்டும் சிரிப்பு வராது. நாலே வார்த்தை. தனக்கு ஏன் அது வாயில் வரவில்லை என்று மனசு அடித்துக்கொள்ளும். அவளுக்குப் பிடித்ததும் இந்தக் காட்சிதானா? அதை அவளிடம் கேட்பதற்காக, யாரும் இல்லாத காரில் ஒத்திகை பார்ப்பார்.

இந்த ஞாயிறு போன் சீக்கிரமே வந்துவிட்டது. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். மணி நிற்கப்போகிற நேரத்தில் எடுத்தார்.

"அம்மா?"

"குளிக்கிறா."

மகள் போனை வைத்துவிடவில்லை.

"அந்த டிரம் படம் பாத்தேன்" என்றார் மாஸ்டர்.

"எப்போ?"

"பதினெட்டு தடவை." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த பஸ் சீன்ல..." ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. "அந்தாளு மூணாவது கியர்லயே ஓட்டுறான்மா. இன்ஜின் என்னத்துக்கு ஆகும்?"

சிரித்தாள். நடுவில் மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

"எனக்கும் அந்த சீன்தான்ப்பா பிடிக்கும்."

தலையில் துண்டோடு மனைவி வந்து, போனுக்காகக் கையை நீட்டினாள். மாஸ்டர் மாட்டேன் என்று தலையசைத்து, போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.