தசரா வரை வெட்டாத புல்

எருமை வைத்திருப்பவளுக்குப் பூனாவில் பால் விற்பது கஷ்டமில்லை. புல் பிடிப்பதுதான் கஷ்டம். என் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து பென்ஷனோடு வந்தபோது வேலூர்ப் பக்கமே திரும்பிப் போய்விடலாம் என்றார். நான் மாட்டேன் என்றேன். பூனாவிலேயே வானவடியில் ஒரு கொட்டகை போட்டு எருமை கட்டினோம். தொண்ணூறுகளில் அங்கே இத்தனை கட்டடம் கிடையாது. என் பாலில் தண்ணீர் இருந்தது என்று சொன்னவள் அந்தப் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை.

புல்லுக்கு சோலாப்பூர் ரோட்டில் யவத் தாண்டி உள்ளே போவேன். கல்லும் முரம்புமான நிலம், உழுதால் ஏர்தான் தேயும். அதனால் நிலக்காரர்கள் அதைப் புல்லுக்கே விட்டுவைத்திருப்பார்கள். அந்த நிலத்துக்குக் குரண் என்று பெயர். முதல் மழை விழுந்ததும் குரணை அடைத்துவிடுவார்கள், ஆடு மாடு உள்ளே போகாது. தசரா கழிந்து புல் முற்றிய பிறகுதான் அரிவாள் இறங்கும். அது பழைய வழக்கம். பச்சைப் புல் தின்றால் எருமை கூடுதலாகக் கறக்கும் என்று பட்டணத்துப் பால்காரர்கள் நாங்கள் ஆடி ஆவணியிலேயே வெட்டி வாங்க ஆரம்பித்தோம்.

எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். வியாபாரத்துக்கு அது தேவைப்படவும் இல்லை. பேச்சு முடிந்ததும் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய் வைத்து நிலக்காரர் கையில் கொடுப்பேன். அங்கேயும் சம்பந்தம் பேசி முடித்தால் பாக்கு உடைக்கிற வழக்கம் உண்டு, அதனால் என் தட்டுக்கு மதிப்பு இருந்தது. தட்டை வாங்கிக்கொண்டால் அந்த வருஷத்துப் புல் என்னுடையது. நிலம் அவருடையது.

நான் அதிகம் வாங்கியது ஒரே நிலக்காரரிடம்தான். அவரை தாதா என்று கூப்பிடுவேன், அண்ணன் மாதிரி. அவர் என்னை வஹினி என்பார். அண்ணி என்று அர்த்தம். என்னைவிடப் பெரியவர்தான், மரியாதைக்கு அப்படி.

வானவடியில் என்னிடம் பால் வாங்கியவர்களில் ஒரு காலேஜ் டீச்சர் இருந்தாள். நம் தமிழ்க்காரிதான். மூன்று தலைமுறையாக கேண்டோன்மென்ட் பக்கத்தில் இருக்கிற கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்பிவிடுவாள். ஒரு நாள் காலையில் நான் பாலோடு போனதும் கேட்டாள்.

"ஏம்மா இன்னைக்கு லேட்டு?"

"நேத்து புல்லு டெம்போ லேட்டா வந்துச்சு, எல்லாமே லேட்டு. வெட்டுற பொம்பளைங்க வேலைய உட்டுட்டு ஒரு கோழி குதிக்கிறத வேடிக்கை பாத்துக்கினு நின்னாளுங்க."

"கோழியா?"

"கறுப்புக் கோழி. தலையில ரெண்டு பக்கமும் முடி நீட்டிக்கினு இருக்குது. புல்லுக்குள்ள இருந்து ஆள் உயரத்துக்கு எகிறுது, தவளை மாரி கத்துது, உள்ள உழுது. மறுபடி எகிறுது. பைத்தியம் புடிச்ச கோழி."

"அரே தேவா!" என்றாள். சொம்பில் வாங்கிய பால் பாதி அவள் சேலையில்.

அது வரகுக்கோழியாம். மராத்தியில் தணமோர், புல்மயில். தேசம் முழுக்கத் தேடினாலும் கொஞ்சம்தான் மிச்சம் என்றாள். மழைக்கு வருகிறது, சேவல் குதித்துக் குதித்துப் பெட்டையைக் கூப்பிடுகிறது, பெட்டை புல்லுக்குள் வெறும் தரையில் முட்டை இடுகிறது.

"இப்ப வெட்டினா முட்டை போச்சும்மா. தசரா வரைக்கும் விடச் சொல்லுங்களேன் நிலக்காரர்கிட்ட."

"வெட்டுறவளே நான்தான். அப்புறம் என் எருமை என்னத்தத் தின்னும்? உன் பைனாகுலரையா?"

சொல்லிவிட்டு வந்தேனே தவிர, அடுத்த முறை போனபோது நானும் அரிவாளை வைத்துவிட்டு நின்று பார்த்தேன். மழை விட்டிருந்தது. பள்ளத்துப் பக்கம் புல் இடுப்பளவு. அதற்குள்ளிருந்து அது எகிறியது. சிறகு படபடவென்று அடித்தது, கழுத்து பின்னால் வளைந்தது, தொப்பென்று உள்ளே போனது. எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று ஒரு கணம் தலையை நீட்டிப் பார்த்ததே, அதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டை கண்ணில் படவில்லை. ஆனால் அங்கேதான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்திருப்பவள் மேல் அரிவாள் போட எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

தாதாவிடம் போய்ச் சொன்னேன். மேட்டுப் புல்லை வழக்கம்போல் எடுத்துக்கொள்கிறேன், பள்ளத்தையும் நானே வாங்கிக்கொள்கிறேன், ஆனால் தசராவுக்கு அப்புறம் காய்ந்த புல்லாகத்தான் வெட்டுவேன் என்று. நாங்கள் பேசியது மராத்தியில். எனக்கு வருகிற தமிழில் சொல்கிறேன்.

"அந்தத் தணமோருக்காகவா?" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "எங்க அப்பா காலத்துல அடிச்சுக் கறி வெப்பாங்க. இப்ப அந்தப் பேரையே வெளியில எடுக்காதே வஹினி. சோலாப்பூர் பக்கம் ஏதோ பெரிய பறவை இருக்குன்னு சொல்லி சர்க்கார் நிலத்தையே புடிச்சு வெச்சிருக்காம். விக்க முடியல, வீடு கட்ட முடியலன்னு பேசிக்கிறாங்க. எனக்குக் கட்டிக்கொடுக்கப் பொண்ணு இருக்கு."

"காயிதம் கெடையாது தாதா. யார் பேரும் எங்கயும் போவாது. என் வாய்தான்."

"உன் வாய் போதும்" என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

டீச்சருக்குச் சந்தோஷம். காலேஜ் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். மேட்டுப் புல் ஏற்ற நான் டெம்போவில் போய் இறங்குகிறேன், பள்ளத்து ஓரத்தில் ஒரு போர்டு. பளபளவென்று பறவை படம், மேலே இங்கிலீஷ், கீழே மராத்தி. அரிய பறவை வாழும் இடம், காப்பாற்றுவோம் என்று எழுதியிருக்கிறதாம். பக்கத்து நிலக்காரர்கள் எல்லாம் கூடி நிற்கிறார்கள். தாதா கலப்பை மாட்டிய டிராக்டர் மேல் உட்கார்ந்திருக்கிறார். எஞ்சின் ஓடுகிறது.

"சர்க்கார் போர்டு வந்தாச்சு வஹினி. புல்லே இல்லன்னா பறவை எங்க இருந்து வரும்? உழுதுடறேன்."

"எறங்கு தாதா. அந்தப் புல்லு யாருது?"

"நிலம் என்னுது."

"நிலம் உன்னுதுதான். நான் கேட்டது புல்லு."

கூட்டத்தில் ஒருவர், "மதராஸிப் பொம்பள சரியாத்தான் கேக்கறா" என்றார்.

"உன் புல்லுதானே? இன்னைக்கே வெட்டிக்கிட்டுப் போ. அப்புறம் நான் உழறேன்."

"என் புல்ல நான் எப்ப வெட்டணும்னு நீ சொல்லுவியா? தசராவுக்குன்னு சொல்லித்தானே தட்டு குடுத்தேன்?"

அவர் சம்சாரம் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "அஹோ, அந்தத் தேங்காயத் துருவி பர்ஃபி பண்ணித் தின்னாச்சு. பெரிய துண்டு நீங்கதான் தின்னீங்க. இப்ப எந்த மூஞ்சியோட வார்த்தையத் திருப்புவீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். தாதா சிரிக்கவில்லை. "எனக்குப் புல்லு கவலை இல்ல வஹினி," என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "நாளைக்குக் கல்யாணத்துக்கு ஒரு துண்டு நிலம் விக்கப் போனா, போர்டு நிக்கிற நிலத்தை எவன் வாங்குவான்?"

அதுதான் விஷயம். அவர் பயம் நியாயமானது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ப் போர்டைப் பிடித்து ஆட்டினேன். மழைத்தரை, லேசாக வந்துவிட்டது. தூக்கி டெம்போவில் போட்டேன்.

"இப்ப போர்டு எங்க இருக்குது?"

"டெம்போவில."

"உன் நிலத்துல?"

"இல்ல."

எஞ்சினை அணைத்தார். ஆனால் கலப்பையைக் கழற்றவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கிளம்பினேன், மனசு சமாதானமாகவில்லை.

டீச்சரைப் பிடித்து நன்றாகத் திட்டினேன். "பசங்க ஆசையா வரைஞ்சாங்கம்மா, நல்லதுதானேன்னு விட்டுட்டேன்" என்றாள். "உன் ஊட்டு வாசல்ல நான் ஒரு போர்டு நட்டா சும்மா இருப்பியா?" என்றேன். மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பையும் வேண்டாம் பேனாவும் வேண்டாம், வெறுங்கையோடு வா என்று சொல்லி.

நிலம் உங்களுடையது, விற்கலாம், கட்டலாம், உழலாம், தசரா வரை அந்தப் பள்ளத்தை மட்டும் விட்டுத் தந்தால் போதும், அதுவும் உங்களுக்கு மனசு இருந்தால் என்று அவள் சொன்னாள். கேளாமல் போர்டு வைத்ததற்கு மன்னிப்பும் கேட்டாள். தாதா தாடையைச் சொறிந்தார். "இத எழுதித் தருவியா?" என்றார்.

"நேத்து வரைக்கும் காயிதம்னா பயந்த மனுசன்!" என்று அவர் சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பாக்ரி என்கிற சோள ரொட்டியும் பிட்லாவும் போட்டாள். கடலைமாவுக் கூழை அந்த ருசியில் நான் வேறெங்கும் தின்றதில்லை. நாங்கள் கை கழுவி வெளியே வந்தபோது தாதா குனிந்து கலப்பையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அந்த மழைக்காலம் என் எருமைகள் கொஞ்சம் இளைத்துத்தான் போயின. மகர்பட்டா பக்கம் அப்போது வயல்தான். அங்கிருந்து மக்காச்சோளத் தட்டை வாங்கிப் போட்டேன். பால் குறைந்தது. "என்ன, எருமைக்கும் ரிட்டையர்மென்ட்டா?" என்று ஆர்மி வீட்டுப் பெண்கள் கிண்டல் செய்தார்கள். அளவு குறைந்தாலும் கெட்டி குறையவில்லை, அதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். தசராவுக்கு முன்னால் ஒரு நாள் தாதாவே பெட்டையையும் குஞ்சையும் பார்த்துவிட்டார். என்னிடம் சொன்னபோது, தன் வீட்டில் பிரசவம் நடந்த மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் பக்கத்து நிலக்காரர்களிடமும் போனேன். பறவையைக் காப்பாற்று என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு மூலையைத் தசரா வரை அடைத்து வை, காய்ந்த புல்லை நான் எடுத்துக்கொள்கிறேன் என்பேன். சிலர் வைத்தார்கள். ஒருவர் உழுது கம்பு போட்டார், அது அவர் இஷ்டம். டீச்சர் என்னோடு வருவாள், தள்ளி நின்று பார்ப்பாள், வாயைத் திறக்க மாட்டாள்.

பெண்ணுக்கு வரன் அமைந்தபோது தாதா ரோட்டோரத் துண்டை விற்றார். யாரும் தடுக்கவில்லை, ஒரு கேள்வி வரவில்லை. கல்யாணத்தில் எனக்குப் பச்சைச் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். சொந்த அண்ணிக்குக் கொடுக்கிற தரம், நான் தொட்டுப் பார்த்தேன்.

அடுத்த மழைக்கு வழக்கம்போல் புல் பேசப் போனேன்.

"மேடு எடுத்துக்கோ. பள்ளம் விக்கறதுக்கு இல்ல" என்றார் தாதா.

"ஏன், வேற யாராச்சும் கேட்டாங்களா?"

"யாருக்கும் இல்ல. அது தணமோருக்கு."

"தசராவுக்கு அப்புறந்தானே வெட்டப் போறேன்?"

"உன் ஆளுங்க வேலி ஓரமா நின்னு கத்திக்கிட்டே வெத்தல போடறாங்க. அதுக்குப் புடிக்கல. தசரா முடியட்டும், அப்ப வா, இருந்தா தரேன்."

"என் எருமை?"

"உன் எருமை பாடு உன் பாடு வஹினி. எனக்கு என் பறவை."

அவர் பறவையாம். அவர் சம்சாரம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் வாதாடவில்லை. டெம்போ அன்றைக்குப் பாதி காலியாகத்தான் திரும்பியது. டிரைவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். கேட்ட புல் கிடைக்காமல் சிரித்துக்கொண்டே வருகிற பால்காரியை அவன் பார்த்ததில்லை போலிருக்கிறது.