பாதிக் கண்ணாடி

செய்தி வந்தபோது என் இரண்டு கைகளிலும் நுரை. முழங்கையால் தட்டித் தொலைபேசியைக் காதோரம் அணைத்தேன். நசீர் நானாவின் மகள் பேசினாள். "சிவா மாமா, வாப்பா மௌத்தாகிட்டாரு. சுபஹு தொழுதிட்டு வந்து நெஞ்சு நோவுதுண்டு குந்தினாரு. அவ்வளவுதான் மாமா." கழுவிக்கொண்டிருந்த வான் வண்டியை நுரையோடு விட்டுவிட்டு ஓடினேன். பலாபத்வல சந்தி தாண்டும்போதுதான் நினைவு வந்தது. நுரை வெயிலில் காய்ந்தால் பெயின்றில் வரி விழும், நானாவுக்கு அது தெரிந்தால் பதறிப்போவார். திரும்பிப் போய்த் தண்ணீர் அடித்துத் துடைத்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனேன்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்பே அடக்கிவிட்டார்கள். பள்ளிவாசல் வாசலில் நின்ற ஓட்டோக்காரர்கள், வான்காரர்கள், எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கண்ணாடிக் கதை வந்தது. டீச்சரின் காருக்கு என்னத்தையோ பூசிக் கண்ணாடியைக் குருடாக்கிய நசீர். அன்போடுதான் சொன்னார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்தக் கதை பொய். அது பொய்யென்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவரை மண்ணில் வைத்துவிட்டோம்.

அவரை அறியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. யாழ்ப்பாண வீதியோரமாக வாகனம் கழுவிப் பொலிஷ் பண்ணிக் கொடுக்கும் ஒரு சின்ன இடத்தை நானும் அவரும் கூட்டாகப் பதினாறு வருடம் நடத்தினோம். நான் எல்கடுவ தோட்டத்து ஆள், அவர் மாத்தளை டவுன். என்னைவிட ஆறு வயது மூத்தவர், அதனால் எனக்கு நானா, அண்ணன்; ஆனாலும் என்னை 'நீங்க' என்றுதான் சொல்வார். பயந்தாங்கொள்ளி என்றால் அப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. இடி இடித்தால் காற்றடிக்கும் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவார். பொலிஸ் ஜீப் கழுவ வந்தால் ஒரு குற்றமும் செய்யாதவருக்கு உள்ளங்கை வியர்க்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான் சொல்லிக்காட்டுவேன். "பேய் ஈந்தா என்ன செய்யிற சிவா?" என்று நிஜமாகவே கேட்பார்.

அந்தப் பயத்தில்தான் எங்கள் தொழில் ஓடியது. கொழும்பிலிருந்து ஒரு புது போத்தல் வந்தால் அதை வாடிக்கையாளரின் வாகனத்தில் தொட விடமாட்டார். "புது மருந்து முதல்ல வீட்டாளுக்கு" என்பார். வீட்டாள் என்றது அவருடைய பழைய ஓட்டோவை. அதில் ஒரு இடத்தில் பாதிக்குப் பூசுவார், பாதியை விடுவார். ஒரு கிழமை வெயிலிலும் மழையிலும் ஓட்டிவிட்டுப் பூசிய பாதியையும் பூசாத பாதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். அதனால் அந்த ஓட்டோவின் கதவு ஒரு நிறம், கூரை ஒரு நிறம், பின்பக்கம் மூன்று நிறம். புள்ளிமான் என்று ஸ்டாண்டில் பெயரே வைத்திருந்தார்கள். கடைசிப் போத்தல் வரைக்கும் இதுதான் அவர் வழக்கம். ஒரே ஒரு தடவைதான் அது தவறியது, தவறவிட்டவன் நான்.

ஒன்பது வருடத்துக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை. கலேவெல பக்கத்துப் பரீனா டீச்சர் தன் உம்மாவை மாத்தளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிவந்தவர், காரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீர், அதில் கழுவிக் கழுவி முன் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பொட்டுகள். எந்தப் பொலிஷுக்கும் போகாத பொட்டுகள். அதற்கென்றே ஒரு புது மருந்து முதல்நாள் வந்திருந்தது. போத்தலில் எழுதியிருந்த பாஷை எங்கள் இருவருக்கும் தெரியாது. "பூசித் துடைச்சா சரி" என்று விற்றவன் சொல்லியிருந்தான். நானா ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்படும்போது என்னைப் பார்த்து, "அத தொட வாணாம் சிவா. அடுத்த கிழமைக்கு பாப்பம்" என்றார்.

அவர் தலை மறைந்ததும் எடுத்தேன். ஏன் என்று கேட்டால், எரிச்சல். எல்லாவற்றுக்கும் ஒரு கிழமை காத்திருந்து எனக்கு அலுத்திருந்தது. ஒரு தடவை பூசித் துடைத்தேன், பாதிப் பொட்டுகள் போயின. வெற்றி தலைக்கேறியது. மறுபடி தடிப்பாகப் பூசி, உச்சி வெயிலில் பத்து நிமிடம் ஊறவிட்டு, அதற்குள் சீட்டுகளைத் துப்பரவு செய்தேன். கழுவி, தகரக் கூரைக்குக் கீழே தள்ளிப் பார்த்தபோது ஒரு பொட்டுக்கூட இல்லை. நான்கு மணிக்கு டீச்சர் வந்தார். "மாஷா அல்லாஹ், புதுக் கார் மாதிரி ஈக்கி அண்ணன்" என்று சொல்லி, உம்மாவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கலேவெல பாதையில் திரும்பினார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

கால் மணி நேரத்தில் நானா வந்தார். சாப்பாடு முடித்துக் குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வந்த முகம். நான் பெருமையாகச் சொன்னேன். அந்த முகம் வெளுத்ததை இப்போதும் பார்க்கிறேன்.

"எத்தன நிமிஷம் வெச்சீங்க?"

"பத்து நிமிஷம் இருக்கும் நானா. சும்மா பயப்படாதீங்க. கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்துச்சு."

"நிழல்லயா பாத்தீங்க? வெயிலுக்கு நேரே வெச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவர் அந்தப் போத்தலை எடுத்துத் தன் ஓட்டோவின் முன் கண்ணாடியில் இடது பாதிக்குப் பூசினார். அவசரத்திலும் பாதிதான். பிறகு வெயிலில் நிறுத்தினார். காத்திருந்த அந்தப் பத்து நிமிடமும் டீச்சரின் இலக்கத்துக்கு எடுத்துக்கொண்டே இருந்தோம். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது தொலைபேசியைத் தொடாத ஆள் அவர். பத்து நிமிடம் முடிந்ததும் நானா கழுவினார், ஓட்டோவைத் திருப்பிச் சூரியனுக்கு முகம் காட்டி நிறுத்தினார். "உள்ளுக்கு ஏறிப் பாருங்க" என்றார். ஏறினேன். வலது பாதியில் வீதி, கடை, ஒரு நாய் எல்லாம் தெரிந்தது. இடது பாதியில் ஒன்றுமே இல்லை. அந்தப் பாதி முழுக்கப் பாலைத் தெளித்தது போல் ஒரே வெள்ளை.

கலேவெல பாதை மேற்குப் பக்கமாக இறங்கும் பாதை. பின்னேரச் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். நானா ஓட்டோவை முடுக்கினார்.

அந்தப் பயணத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் வலது பக்கமாகச் சாய்ந்து, தெளிந்த பாதியால் பார்த்து ஓட்டினார். நான் பின்னால் இடது ஓரத்தில். பாதை வடக்கே வளையும்போது எனக்கு எல்லாம் தெரியும். மேற்கே திரும்பிய உடனே முன்னால் வெள்ளை எழும், உலகமே போய்விடும். இப்படித்தான் அந்தப் பெண்ணும் பார்த்துக்கொண்டு போகிறாள் என்று ஒவ்வொரு வளைவிலும் தெரிந்தது. அவளுக்குச் சாய்ந்து பார்க்க ஒரு தெளிந்த பாதிகூட இல்லை. முழுவதற்கும் பூசியிருந்தேன். நானா வாய்விட்டு ஓதிக்கொண்டே ஓட்டினார். நான் எல்கடுவ மாரியம்மனிடம் என்னவெல்லாமோ நேர்ந்தேன். அந்தப் பெண்ணின் உயிருக்காகவா, நான் தப்பிப்பதற்காகவா என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மடிப்பொல தாண்டி ஒரு வளைவில் ஆட்கள் கூடியிருந்தார்கள். பெண்கள் தலையில் கைவைத்து நின்றார்கள். நானா கொஞ்சம் தள்ளியே நிறுத்திவிட்டார். ஹேண்டிலைப் பிடித்த விரல்கள் பிரியவில்லை. "சிவா, நீங்க போய்ப் பாருங்க. எனக்கு ஏலா" என்றார். நடந்தேன். ஐம்பது அடிகூட இருக்காது. அந்த நடையில் டீச்சரின் முகம், அவர் உம்மா ஏறும்போது பிடித்துக்கொண்ட என் கை, பொலிஸ், கோர்ட், என் பிள்ளைகள் எல்லாம் வந்து போயின. கூட்டத்தை விலக்கிப் பார்த்தேன். கோழி ஏற்றி வந்த லொறி ஒன்று வளைவுக்கு அப்பால் டயர் வெடித்துச் சாய்ந்திருந்தது. கூண்டு உடைந்து கோழிகள் வீதியெங்கும். திரும்பிவந்து சொன்னபோது நானா கீழே இறங்கிப் போய் ஓரமாக வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி ஏறினார். "இன்னும் காணலயே" என்றார்.

மேலும் இரண்டு மைல் தாண்டிக் கார் நின்றது. இடது சக்கரங்கள் இரண்டும் வீதியோரத் தண்ணீர்க் காணுக்குள். பம்பருக்கும் ஒரு பாக்கு மரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடம். டீச்சரும் உம்மாவும் பக்கத்து மதகுக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ கொடுத்த தண்ணீர்ச் செம்பு டீச்சரின் கையில் இருந்தது. இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எங்களைக் கண்டதும் டீச்சர் எழும்பினார்.

"என்ன செஞ்சீங்க என்ட கண்ணாடிக்கு? ஒண்டுமே தெரியல. எதிர்ல சைக்கிள்ல ஒரு ஆள், சத்தம் கேட்டுத்தான் ஓரத்துக்கு வெட்டித் திருப்பினேன். உம்மா பின்னால ஈக்கிறாங்க. யாரு பூசின?"

சொல்லியிருக்க வேண்டும். வாயில் கொழுக்கட்டையா என்று கேட்பார்களே, அப்படி நின்றேன். டீச்சர் என்னைத்தான் பார்த்தார், காரைத் தந்தது என் கையில். நான் அந்தப் பாக்கு மரத்தைப் பார்த்தேன். அப்போது பக்கத்தில் நானாவின் குரல் கேட்டது. நடுங்கிய குரல்தான்.

"நான்தான் தங்கச்சி. பாக்காமப் பூசிட்டேன். பெரிய பிழ. மன்னிச்சிக்கோங்க."

டீச்சர் அவரைத் திட்டினார். உம்மாவும் திட்டினார். ஊர்க்காரர் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். பொலிஸ் ஜீப்பைக் கண்டால் வியர்க்கும் மனிதர், பொலிஸுக்குப் போவோம் என்று ஒருவர் சொன்னபோதும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காரைத் தூக்கிவிட்டோம். அன்று அதை யாரும் ஓட்டவேண்டாம் என்று நானா சொல்லி, டீச்சரின் உறவினரை வரவழைத்து அவர்களை அனுப்பினார். அடுத்த கிழமை கண்ணாடியை மாற்றிக் கொடுத்தோம்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன், "ஏன் நானா அப்படிச் சொன்னீங்க?" அவர் என்மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அந்தப் புள்ள பயந்து போய்க் கேட்டுட்டு நிக்கிது. யாராச்சும் பதில் செல்லத்தானே வேணும்" என்றார். அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றி அவர் பேசவேயில்லை.

ஊர் பேசியது. 'குருட்டுக் கண்ணாடி நசீர்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. சில பேர் வாகனத்தைக் கொண்டுவந்து, "நசீர் கையில குடுக்காதீங்க, நீங்களே பாருங்க சிவா" என்று சாவியை என்னிடம் நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். அவர் காதுபடவே வாங்கிக்கொண்டேன். இதை வாசிக்கிறவர்களில் அந்தச் சாவியை நீட்டியவர்களும் இருப்பீர்கள். உங்கள்மேல் குறையில்லை, உங்களுக்குத் தெரியாது.

நானா ஓட்டோவுக்கு வேறு கண்ணாடி போட்டார். கழற்றிய பழையதை வீசவில்லை. எங்கள் இடத்தின் மேற்குப் பக்கச் சுவரில் வெயில் விழும் ஜன்னலில் சாத்தி வைத்தார். புது மருந்து விற்க வருகிறவனை அதற்கு முன்னால் நிறுத்தி, "இதப் பாத்துட்டுச் செல்லுங்க தம்பி" என்பார். எனக்கு உறுத்தவேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்தேன். அவர் ஒரு நாளும் அதைக் காட்டி என்னைப் பார்த்ததில்லை.

இதை எழுதி முடித்ததும் அவர் வழக்கப்படியே செய்தேன். வெளியே கொடுக்கும் முன் வீட்டாளுக்கு, என் மனைவிக்கு, வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் தெரியாது. கேட்டு முடித்ததும் சொன்னாள், "இந்த வீட்ல ஒக்காந்து அவர எத்தன தடவ அதச் சொல்லிக் கிண்டல் பண்ணுனீங்க. நானும் சிரிச்சேனேங்க. அவரும் சிரிச்சாரே."

நாளைக் காலை கலேவெல போகிறேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் டீச்சர் முன்னால் இதை வாசிக்க வேண்டும். அவர் என்ன சொல்வார் என்று தெரியாது. உள்ளங்கை வியர்க்கிறது. பதினாறு வருடம் நான் கேலி செய்தது இந்தப் பயத்தைத்தான். அவர் அதை அடுத்தவருக்காகப் பட்டார், நான் எப்போதும் எனக்காக மட்டும் பட்டேன். ஓட்டோவை மகள் வைத்துக்கொள்கிறாள். எனக்கு அந்தக் கண்ணாடி போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது பின்னேரம் மணி ஐந்து. எங்கள் இடத்து ஜன்னலில் அந்தக் கண்ணாடியின் ஒரு பாதி வெயிலில் வெளுத்துவிட்டது. மற்றப் பாதியால் கலேவெல பாதை தெளிவாகத் தெரிகிறது.