படிவத்தின் ஏழாவது கட்டம்

அந்தப் படிவத்தை வரைந்தவன் நான். முதல் கூட்டம் கூடியது ஒரு இரண்டாம் சனிக்கிழமை. மறுநாள் காலை பத்து மணிக்கு அளவுகோல் வைத்துக் கோடு போட்டதாக என் நாட்குறிப்பில் இருக்கிறது. பெயர், வயது, தாய்மொழி, சொந்த ஊர், தொழில், முகவரி, சாதி. கீழே புகார் எழுத அரைப் பக்கம்.

ஓசூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் நாங்களே கூடி ஒரு சபை அமைத்தோம். மனித உரிமை, பன்மைத்துவ ஆணையம் என்று பெயர் வைத்தோம். அதிகாரம் எதுவும் இல்லை. தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நான் செயலாளர். எங்களிடம் பெருமையான வழக்கம் ஒன்று இருந்தது. வரும் மனு ஒவ்வொன்றையும் தமிழில், கன்னடத்தில், தெலுங்கில் சபை முன் வாசிப்போம். யாரும் விடுபட்டுப் போகக் கூடாது அல்லவா? எத்தனை விதமான மக்கள் இங்கே வாழ்கிறார்கள் என்று ஒரு நாள் தொகுத்து எழுதும் ஆசை எனக்கு இருந்தது. ஏழாவது கட்டம் அதற்காகத்தான்.

தை மாதம், ஒரு வியாழக்கிழமை மாலை, ஷிப்ட் முடிந்து அடையாள அட்டையைக் கழுத்தில் இருந்து கழற்றாமலே ஒரு பெண் வந்தார். ராமநாதபுரம் பக்கம். கணவர் இல்லை. மகள் பத்தாம் வகுப்பு. ராகி விளைந்த நிலத்தில் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். வீட்டுக்காரர் மூன்று மாதமாக, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். இவர் சொல்லவில்லை. சாயங்காலங்களில் தண்ணீர் நின்றது. பிறகு, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

"பரீச்சை முடியிற வரைக்கும் இருக்க விட்டாப் போதும்ணே. அப்புறம் நானே போயிருவேன்."

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். ஏழாவது கட்டம் காலியாக இருந்தது.

"இது எழுதலியேம்மா."

"அது எதுக்குண்ணே? அதச் சொல்ல மாட்டேன்னுதான இம்புட்டும்."

"கணக்கெடுப்புக்கும்மா. நாங்க யாரும் வித்தியாசம் பாக்கறவங்க இல்லீங்க. பாதிப் படிவம் வாங்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கோம்."

அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவனும் நான்தான். அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். பிறகு, கட்டத்தின் ஒரு மூலையில், பொடி எழுத்தில் எழுதினார்.

இன்னொன்றை அவர் அறிந்திருக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் எங்கள் குழுவில் ஒருவர். எனக்குத் தெரியும். புகாருக்கு ஆளானவரே சபையில் உட்கார்ந்து பதில் சொல்வது நேர்மையான முறை என்று நினைத்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு எழுபது பேர் வந்திருந்தார்கள். மனுதாரர் எழுந்து நிற்க வேண்டும் என்பது வழக்கம். அவரும் நின்றார், பக்கத்தில் மகள். தமிழில் நான் வாசித்தேன். ஏழாவது கட்டம் வந்தது. அதையும் வாசித்தேன். எதையும் விட்டு வாசிப்பதில்லை என்பது என் கொள்கை. முன்வரிசையில் இருந்த பெண் ஒருத்தி நாற்காலியை அவர்களிடமிருந்து தள்ளி இழுத்துப் போட்டுக்கொண்டாள். கன்னடத்தில் தலைவர் வாசித்தார். தெலுங்கில் வாசிப்பவருக்கு அன்று காய்ச்சல்.

"அய்யா, நீங்களே படிச்சிருங்க. உங்க வீட்டுப் பேச்சு தெலுங்குதானே," என்றார் தலைவர்.

வீட்டுக்காரர் தாளை வாங்கிக்கொண்டார். தன்மீது எழுதப்பட்ட புகாரை நிறுத்தி நிதானமாகத் தெலுங்கில் சொன்னார். சாதிப் பெயரை இரண்டு முறை சொன்னார், முதல் முறை சரியாகக் கேட்டிருக்காது என்பதுபோல. தண்ணீர் நின்றதைச் சொன்னபோது, குழாய் முன் காத்து நிற்பவளைப்போல இடுப்பில் கை வைத்துக் காட்டினார். சபை சிரித்தது. மகள் அம்மாவின் துப்பட்டா நுனியைப் பிடித்திருந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

பரீச்சை வரை அவகாசம் தரும்படி ஆணையம் ஒருமனதாகக் கேட்டுக்கொண்டது. "பாக்கலாங்க," என்றார் வீட்டுக்காரர்.

தேநீர் குடிக்கும்போது என் தோளில் தட்டினார்.

"மூணு மாசமா நான் கேட்டேன், வாயத் தொறக்கல. நீங்க கேட்ட ஒடனே எழுதிக் குடுத்துருச்சு பாருங்க. படிச்சவங்க படிச்சவங்கதான்."

மறுநாள் காலையிலேயே தண்ணீர் நின்றது. அந்த வாரம் அந்தப் பெண் வேறு நான்கு வீடுகள் பார்த்தார். நான்கு வீட்டுக்காரர்களும் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள். வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வந்தார்.

"அந்தத் தாளக் குடுத்துருங்கண்ணே."

"பதிவான ஆவணம்மா. குடுக்க முடியாதுங்க."

"ஊருக்கே படிச்சுக் காட்டியாச்சு. இன்னும் எதுக்குப் பூட்டி வெக்கிறீக?"

ஞாயிற்றுக்கிழமை ஒரு சரக்கு ஆட்டோவில் கட்டில், பீரோ, மேலே பாடப் புத்தக மூட்டையுடன் கிருஷ்ணகிரி தாண்டி காவேரிப்பட்டணம் போய்விட்டார்கள். அங்கே தெரிந்தவர் ஒருவர் இருந்தாராம். பரீச்சைக்கு இருபத்தாறு நாள் இருந்தது. அங்கிருந்து மகள் பள்ளிக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும்.

பங்குனிக் கூட்டத்தில் அந்த மனு மீண்டும் வந்தது. "மனுதாரர் தற்போது நம் எல்லைக்குள் வசிக்கவில்லை. முடித்துவைக்கப்பட்டது" என்று எழுதினேன். கையெழுத்து நன்றாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் வீட்டுக்காரர் வந்தார்.

"உங்க படிவத்துல ஒரு அம்பது குடுங்க. ரொம்ப நல்லா இருக்குதுங்க."

தீர்ந்துவிட்டது என்றேன். புதன்கிழமை ஜெராக்ஸ் கடைக்குப் போனபோது இயந்திரத்தில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆணையத்தின் பெயர்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, 'வீடு வாடகைக்குக் கேட்பவர் விவரம்' என்று எழுதியிருந்தார்கள். கீழே என் ஏழு கட்டங்களும் வரிசை மாறாமல் இருந்தன.